சந்திர மண்டலத்துப் பாட்டு

கஞ்சப் பிரபுக்களை வாசகர்களுக்குப் புதிதாக அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். சில வீடுகளில் இரண்டு பேர். ஆனால் தம் பணத்தையெல்லாம் ஒரு பெரிய கிடங்கில் கொட்டி வைத்து, அதற்குள் குதித்து நீச்சல் அடிக்கிற கஞ்சரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. அப்பேர்ப்பட்டவர் ஒருவர் இருக்கிறார். மனிதர் அல்ல, வாத்து. பெயர் ஸ்க்ரூஜ் மக்டக். தலையில் உயரமான தொப்பி, மூக்கின்மேல் கண்ணாடி, கையில் ஒரு தடி, உடம்பில் நல்ல கோட்டு. கால்சட்டை மட்டும் கிடையாது. அதிலும் சிக்கனம் போலிருக்கிறது!

இவரைப் படைத்தவர் கார்ல் பார்க்ஸ் என்ற அமெரிக்கச் சித்திரக்காரர். 1947-ம் வருஷம் டிசம்பரில் ஒரு சித்திரக் கதைக்கு ஒரு பணக்கார மாமா தேவைப்பட்டார். டிக்கன்ஸ் 1843-ல் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில் வரும் கருமியின் பெயரையே எடுத்துச் சூட்டிவிட்டார் பார்க்ஸ். பக்கம் பக்கமாக எத்தனையோ வருஷம் வரைந்தும் புத்தகத்தில் அவருடைய பெயர் இராது. டிஸ்னியின் பெயர்தான் இருக்கும். வாசகர்கள் கோட்டை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து, பெயர் தெரியாததால், 'அந்த நல்ல வாத்துக்காரர்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். இந்தச் சங்கதியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1987-ல் இந்த வாத்து மாமா டெலிவிஷனுக்கு வந்தார். 'டக் டேல்ஸ்' என்று பெயர். மொத்தம் 100 கதைகள். மாமாவும், அவர் வீட்டில் வளரும் மூன்று பேரப்பிள்ளை முறையாகும் வாத்துக் குஞ்சுகளும் உலகம் பூராவும் புதையல் தேடிப் போவார்கள். தொண்ணூறுகளில் தூர்தர்ஷன் அதை ஞாயிற்றுக்கிழமைகளில் ஹிந்தியில் காட்டியது. எங்கள் வீட்டில் யாருக்கும் ஹிந்தி தெரியாது. அந்த வாத்துக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் நாங்கள் ஒருவரையொருவர் நன்றாகவே புரிந்துகொண்டோம்.

கார்ட்டூன் புகழ் பெற்றுவிட்டால் அந்தப் பெயரில் விளையாட்டு ஒன்று பண்ணிக் காசு பார்ப்பது அந்நாளைய வியாபாரம். பெரும்பாலும் என்ன நடக்கும் என்றால், பெயரை விலைக்கு வாங்கியதோடு வேலை முடிந்ததென்று இருந்துவிடுவார்கள். 1982-ல் 'ஈ.டி.' சினிமாவுக்கு அட்டாரி கம்பெனி விளையாட்டுச் செய்தபோது, அதை உருவாக்கியவருக்குக் கிடைத்த அவகாசம் சுமார் ஐந்தே வாரம். நம் வீட்டில் ஒரு ரவிக்கை தைத்து வாங்குவதற்கே சில சமயம் அவ்வளவு நாளாகிறது! சரக்கு தேங்கிப் போயிற்று. மிஞ்சியதில் ஒரு பகுதியை நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். 2014-ல் அந்தக் குழியை மறுபடியும் தோண்டி, ஈ.டி.யை வெளியே எடுத்தது வேறு கதை.

ஆகவே, 1989-ல் ஒஸாகா நகரத்துக் காப்காம் கம்பெனி, நின்டெண்டோ இயந்திரத்துக்காக 'டக் டேல்ஸ்' விளையாட்டைச் செய்தபோது, வந்த வரைக்கும் லாபம் என்று ஏனோதானோவென்று செய்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. தங்களுடைய சொந்தச் சரக்கான 'மெகா மேன்' விளையாட்டில் கைதேர்ந்தவர்களையே இதற்கும் போட்டார்கள். உலகம் பூராவும் 16 லட்சத்துக்கு மேல் விற்றது.

விளையாட்டு இதுதான்: மாமா ஐந்து இடங்களுக்குப் போய் ஐந்து புதையல் எடுத்து வரவேண்டும். அமேஸான் காடு, டிரான்ஸில்வேனியாவில் ஒரு பேய்மாளிகை, ஆப்பிரிக்கச் சுரங்கம், இமயமலை, சந்திர மண்டலம். எதற்கு முதலில் போவது என்பது ஆடுகிறவர் இஷ்டம். மாமாவுக்குத் துப்பாக்கி, கத்தி ஒன்றும் கிடையாது, கைத்தடிதான். அதைக் கீழே ஊன்றி அதன்மேல் நின்றபடி 'டொய்ங், டொய்ங்' என்று தாவிக்கொண்டே போவார். முள் இருந்தாலும் தடிதானே குத்துப்படும்! எதிரியின் தலையில் குதித்தால் எதிரி காலி. இமயமலைப் பனியில் மட்டும் இந்த ஜம்பம் பலிக்காது. தடி பனியில் சொருகிக்கொண்டுவிடும். வெறும் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் வைரங்கள், சரியான இடத்தில் போய்க் குதித்தால் திடீரென்று தோன்றும். ஐந்து புதையல் போதாதென்று இன்னும் இரண்டு ரகசியப் புதையல்கள் வேறு. அவை இரண்டையும் எடுத்து, கையில் ஒரு கோடி டாலரும் சேர்த்துவிட்டால் மாமா தலையில் கிரீடம் வைத்துக்கொண்டு காட்சி தருவார். கையில் ஒரு டாலர்கூட இல்லாமல் ஆட்டத்தை முடித்தால், அந்தப் பரிதாபத்துக்கென்றே தனியாக ஒரு முடிவு வைத்திருக்கிறார்கள். யார் அதைப் பார்க்கப் போகிறார்கள் என்று அலட்சியமாக விட்டுவிடவில்லை பாருங்கள்.

இவ்வளவையும் நான் எப்படித் தெரிந்துகொண்டேன்? பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆடித் தெரிந்துகொள்ளவில்லை.

அப்பா பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கி வந்த 'டிவி கேம்' பெட்டி அசல் நின்டெண்டோ அல்ல, அதன் நகல். கேசட்டும் நகல்தான். காப்காம் கம்பெனிக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு காலணாக்கூடப் போய்ச் சேர்ந்திருக்காது. மஞ்சள் நிறக் கேசட்டை எடுத்து, அதன் வாயில் ஊதி, பெட்டியில் சொருக வேண்டும். எதற்காக ஊதுகிறோம் என்று எங்களுக்குத் தெரியாது. ஊருக்கே தெரியாது. ஆனால் ஊதாமல் யாரும் சொருகியதில்லை. பிள்ளையார் சுழி மாதிரி.

பெட்டிக்கு இரண்டு ஜாய்ஸ்டிக் உண்டு. 'டக் டேல்ஸ்' ஒருவர் ஆடுகிற ஆட்டம். எனவே ஒன்று அண்ணாவின் கையில் இருக்கும். மற்றொன்றை நான் பிடித்துக்கொண்டு உட்காரலாம். அதற்குத் தடையில்லை. அதில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது என்பது வேறு விஷயம். அண்ணா என்னைவிட மூன்று வயது பெரியவன். எனக்கு அவன் கொடுத்திருந்த உத்தியோகம், கண் பார்வை உத்தியோகம். "மேலே வௌவால் வருது பார்!" "அந்தச் சுவர் பொய்ச் சுவர், உள்ளே போகலாம்!" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பேய்மாளிகையின் வழியெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எங்கே எந்த வைரம் மறைந்திருக்கிறது என்று அண்ணாவுக்கு மறந்தாலும் எனக்கு மறக்காது.

இந்த ஆட்டத்தில் ஓர் அசௌகரியம், நடுவில் நிறுத்தி வைத்து நாளைக்குத் தொடர முடியாது. ஆரம்பித்தால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து உட்காருவோம். அண்ணா சந்திர மண்டலத்தை எப்போதும் கடைசிக்கு வைத்துக்கொள்வான், விருந்தில் பாயசத்தை வைத்துக்கொள்கிற மாதிரி. காடு, மாளிகை, சுரங்கம், மலை எல்லாம் முடிந்து அவன் சந்திரனில் காலை வைக்கிற நேரமும், அப்பா ஆபீஸிலிருந்து வருகிற நேரமும் ஒன்றாக இருக்கும். சமையலறையிலிருந்து குரல் வரும்.

"வாடி, அப்பாவுக்குக் காப்பி கொண்டு போய்க் கொடு. அப்படியே இந்த வெங்காயத்தையும் நறுக்கிக் கொடுத்துட்டுப் போ."

அண்ணாவை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு அவன் வராமல் இருந்தான் என்று சொல்வது அபாண்டம். கூப்பிட்டால் அல்லவா வருவதற்கு! இதை நான் அவன் பேரில் ஒரு புகாராக எழுதவில்லை. அவனுக்கு அப்படி ஒரு குரல் வீட்டில் கேட்கிறது என்பதே தெரியாது. சந்திரனில் அவன் மும்முரமாகத் தாவிக்கொண்டிருப்பான்.

நான் வெங்காயம் நறுக்குவேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரைத் தாண்டிச் சந்திர மண்டலம் என் காதுக்கு வரும், பாட்டாக.

மற்ற இடங்களின் சங்கீதமும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவை ஓட்டத்துக்கும் சாட்டத்துக்கும் ஏற்ற துள்ளல் பாட்டுகள். சந்திரனுடையது வேறு ஜாதி. முதலில் கிணுகிணுவென்று சிறு ஸ்வரங்கள் படியேறுகிற மாதிரி ஓடும். அதற்கு மேல், நீண்டு நீண்டு போகிற ஒரு மெட்டு. துக்கம் என்றும் சொல்ல முடியாது, சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. ரயில் புறப்பட்ட பிறகு பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருப்போமே, அந்த மாதிரி.

அதைக் கேட்டவள் நான் மட்டும் அல்ல. என் அம்மா கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்டவள். அப்புறம் நவராத்திரிக்கு நாலு வீட்டில் பாடியதோடு சரி. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அவள் அந்தப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. கண் கெட்டுப்போகும், கரண்ட் பில் ஏறும் என்ற இரண்டைத் தவிர அதைப் பற்றி அவளுக்கு வேறு அபிப்பிராயம் கிடையாது. ஆனால் அந்த மெட்டு சுவரைத் தாண்டி வந்ததும் தன்னையறியாமல் முணுமுணுப்பாள். உப்புமாவுக்குத் தாளிக்கும்போது கடுகு வெடிக்கிற சத்தத்தில் இரண்டு ஸ்வரம் அடிபட்டுப் போகும். அவள் அதைத் தானே இட்டு நிரப்பிக்கொண்டு மேலே போவாள்.

"சங்கராபரணத்துச் சாயலா இருக்கு. நடுவிலே எங்கேயோ நழுவுது," என்றாள் ஒரு நாள்.

வெள்ளைக்காரப் பாட்டு எதுவானாலும் அம்மாவுக்குச் சங்கராபரணம்தான். அதனால் இந்தத் தீர்ப்பை வித்வான்கள் யாரும் பெரிதுபடுத்த வேண்டாம். ஆனால் அது வெள்ளைக்காரப் பாட்டும் அல்ல என்பது பிற்பாடு தெரிந்தது. அதை அமைத்தவர் ஹிரோஷிகே டோனோமுரா என்ற ஜப்பானியர். அந்தக் காலத்தில் ஜப்பானிய விளையாட்டுக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களின் மெய்ப்பெயரைப் போடுவது அபூர்வம். பட்டப்பெயர், புனைபெயர் இப்படி ஏதாவது போட்டு மறைத்துவிடுவார்கள். பெயரில்லாத வாத்துக்காரரை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதற்காகத்தான். பெயர் வெளியே வராது என்று தெரிந்துகொண்டே வேலையைத் திருத்தமாகச் செய்கிற ஒரு ஜாதி உலகத்தில் உண்டு. அதில் பாதிப் பேர் அடுப்படியில் இருக்கிறார்கள் என்று நான் சொன்னால் நீங்கள் மறுக்கமாட்டீர்கள்.

அந்த நின்டெண்டோ இயந்திரத்துக்கு இருந்தவை ஐந்து குரல்கள்தாம். மெட்டுப் பாட இரண்டு, அடிச்சுருதிக்கு ஒன்று, தாளத்துக்கு 'ஸ்ஸ்' என்று இரைகிற குரல் ஒன்று, சிறு துண்டு ஒலிகளை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ள ஒன்று. ஒரு குரலில் ஒரு சமயத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். சித்திரம், சங்கீதம், எதிரிகளின் புத்தி எல்லாமாகச் சேர்ந்து அந்தக் கேசட்டின் முழுக் கொள்ளளவு 128 கிலோபைட். இன்று செல்போனில் நாம் எடுக்கும் கோலத்தின் படம் ஒன்று இதைப் போல் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. சின்னக் குடித்தனத்தில் பெரிய விருந்து சமைக்கிற சாமர்த்தியம் இது. இருக்கிற இரண்டு குரலில் ஒன்றை மெட்டுக்கு விட்டுவிட்டு, மற்றொன்றைச் சிறு ஸ்வரங்களாக ஓடவிட்டால், கேட்கிறவர்களுக்கு நாலைந்து வாத்தியம் வாசிக்கிற பிரமை உண்டாகிறது. அதோடு, ஆட்டம் நடக்கிற வரையில் அந்த மெட்டு சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். பத்தாம் தடவையும் அலுக்கக் கூடாது. கேட்டுப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: நூறாவது தடவையும் அலுக்கவில்லை.

பெட்டி பழுதாகிப் பரண் ஏறியது. அண்ணா மேல்படிப்புக்குப் போனான். நான் கல்லூரி முடித்துப் பத்திரிகைக்கு வந்தேன். 2013-ல் அந்த விளையாட்டைப் புதிதாக வர்ணம் தீட்டி வெளியிட்டார்கள். 1987-ல் வாத்து மாமாவுக்குக் குரல் கொடுத்த ஆலன் யங் என்ற நடிகரே, 93-ம் வயதில், மறுபடி வந்து பேசிக் கொடுத்தார். 2016-ல் அவர் காலமானார். நான் அதை வாங்கவில்லை. 2017-ல் காப்காம் தன்னுடைய பழைய டிஸ்னி விளையாட்டுகளில் ஆறை உள்ளது உள்ளபடி ஒரு தொகுப்பாகப் போட்டது. அதை வாங்கினேன். இந்தத் தடவை பணம் சேரவேண்டியவர்களுக்கே சேர்ந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். வீட்டில் யாரும் இல்லை. ஜாய்ஸ்டிக் என் கையில். அது வேலை செய்தது.

அண்ணாவின் சம்பிரதாயப்படி போகவில்லை. எடுத்த எடுப்பில் சந்திரனுக்கே போனேன். பாயசத்தை முதலில் சாப்பிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? இத்தனை வருஷம் காதால் மட்டுமே கேட்ட இடம். கறுப்பு வானம், குழி விழுந்த தரை, மாமா தொப்பியும் கோட்டுமாக, மூச்சு விடக் காற்று வேண்டுமே என்ற கவலை சிறிதும் இல்லாமல் நிற்கிறார். வேற்றுக் கிரகத்தாரின் கப்பல் ஒன்று. அதற்குள் ஒரு ரிமோட்டைத் தேடி எடுத்தால், இரும்புக் கவசம் போட்ட வாத்து ஒன்று வந்து வழியை உடைத்துத் தரும். கடைசியில் ஒரு பெருச்சாளி. அதை ஜயித்தால் கிடைக்கிற புதையல், ஆயுளை வளர்க்கும் பச்சைப் பாலாடைக் கட்டி.

இவையெல்லாம் அடுத்தடுத்த முயற்சிகளில் கண்டவை. முதல் தடவை நான் எங்கும் போகவில்லை. பாட்டு ஆரம்பித்தது. மாமாவை ஒரு பள்ளத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நேரம் தீர்ந்தால் ஓர் உயிர் போய்விடும். போகட்டும் என்று விட்டுவிட்டேன். கடுகு வெடிக்காமல், நடுவில் குரல் வராமல், அந்த மெட்டை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆட்டத்தில் வருகிற பெண்பிள்ளைகளையும் அப்போதுதான் கவனித்தேன். மூன்று பேர். வீட்டோடு இருந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பீக்லி அம்மாள். மாமா களைத்துப் போகும்போது கேக்கும் ஐஸ்கிரீமும் போட்டுவிட்டுப் போவது இவள் உத்தியோகம். அவளுடைய சிறு பேத்தி வெப்பி. மூன்றாவது, பேய்மாளிகையில் காத்திருக்கிற சூனியக்காரி மாஜிகா. சமைத்துப் போடு, இல்லாவிட்டால் சூனியம் வை. நடுவில் வேறு ஜோலி கிடையாது!

நாலாவதாக ஒருத்தி இருக்க வேண்டும். அவளைப் பற்றித்தான் பேச்சே இல்லை. ஹ்யூயி, டியூயி, லூயி என்ற அந்த மூன்று வாத்துக் குஞ்சுகளும் 1937-ல் ஒரு பத்திரிகைச் சித்திரத் தொடரில் முதன்முதலாக வந்தார்கள். 'என் பிள்ளைகளைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்' என்ற தோரணையில் டெல்லா என்ற பெண் வாத்து டொனால்டிடம் அவர்களை அனுப்பி வைத்தாள். அதோடு அவள் மறைந்துவிட்டாள். பிள்ளைகள் சினிமாவில் வந்தார்கள், புத்தகத்தில் வந்தார்கள், டெலிவிஷனில் வந்தார்கள், கேசட்டில் வந்தார்கள். உலகம் சுற்றினார்கள், புதையல் எடுத்தார்கள். இவர்களைப் பெற்றவள் எங்கே போனாள் என்ற கேள்வியை அந்தப் படங்களில் ஏறக்குறைய எவரும் எழுப்பவில்லை. எண்பது வருஷம்!

2017-ல் 'டக் டேல்ஸ்' கார்ட்டூனைப் புதிதாக எடுக்கத் தொடங்கியவர்கள் கேட்டார்கள். அவள் எங்கே இருந்தாள் என்று நினைக்கிறீர்கள்? சந்திர மண்டலத்தில்! ராக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியவள், புயலில் அகப்பட்டுச் சந்திரனில் போய் விழுந்து, ஒரு காலையும் இழந்து, தானே ஓர் இரும்புக் கால் செய்து மாட்டிக்கொண்டு, பத்து வருஷமாகத் திரும்பி வர வழி தேடிக்கொண்டிருந்தாள். 2019 மார்ச்சில் வந்த அந்தக் கதையில், தான் பார்த்தே இராத பிள்ளைகளை நினைத்து அவள் ஒரு தாலாட்டுப் பாடுகிறாள். வார்த்தைகள் புதியவை. மெட்டு, அந்த மெட்டு. ஒஸாகாவில் ஐந்து குரல் இயந்திரத்துக்காக டோனோமுரா எழுதியது. எங்கள் வீட்டுச் சுவரைத் தாண்டி வந்தது. கார்ட்டூனிலிருந்து விளையாட்டு பிறந்தது போக, விளையாட்டின் பாட்டு முப்பது வருஷம் கழித்துக் கார்ட்டூனுக்குத் திரும்பி, அங்கே ஒரு தாயாருக்குக் கிடைத்துவிட்டது.

போன வருஷம் அம்மா என்னோடு வந்து தங்கியிருந்தபோது லாப்டாப்பில் அந்தக் கதையை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். பாட்டு வந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இது நம்ம வீட்டிலே கேட்ட பாட்டில்ல?"

"அதேதான்."

"சங்கராபரணம்னு அப்பவே சொன்னேன்." கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தாள். "குழந்தைகளை யார்கிட்டே விட்டுட்டுப் போனாளாம்?"

"அப்போ முட்டையா இருந்ததும்மா. கூடப் பிறந்தவன் வளர்த்தான்."

"பத்து வருஷமும் அவனா சமைச்சுப் போட்டான்?"

"ஆமாம்."

அம்மா இதை நம்பியதாகத் தெரியவில்லை. "அவ அங்கே என்ன சாப்பிட்டாளாம்?"

"ஒரு பிசின் மிட்டாய். மென்னா மூச்சு விடக் காற்றும் கிடைக்கும், பசியும் அடங்கும்."

"ஐயோ பாவம்!" என்றாள் அம்மா. பிறகு, "அந்தப் பாட்டை மட்டும் இன்னொரு தரம் வை," என்றாள்.

வைத்தேன். உள்ளே குக்கர் கூவிற்று. நான் எழுந்தேன். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உட்காருடி, இது ரெண்டாவது விசில்தான்," என்றாள்.